யாளிக்கு முன்னால் ஷட்டர்

கும்பகோணத்தில் ஒரு மாடி அறையில் அமர்ந்து பதினான்கு மாதங்கள் ஒரு சித்திரக்கதைக்குப் படம் வரைந்தேன். உலகம் சீர்குலைந்தபின் கோயில் தூண்களில் செதுக்கப்பட்ட, சிங்க முகம் கொண்ட கற்பனை விலங்குகளான யாளிகள் இறங்கி ஊர்களைப் பிடித்துக்கொள்கின்றன. பூம்புகாருக்கு அருகில், ஆற்றுநீர் கடைசியாக வந்துசேரும் கடைமடைச் சிறுமி ஒருத்தி, தண்ணீர் ஏன் வரவில்லை என்று அறியக் காவிரிக் கரையோடு கல்லணை வரை நடக்கிறாள். கதை வேறொருவருடையது, விலங்குகளும் ஊர்களும் என் பொறுப்பு.

விலங்குகளுக்குப் பக்கத்திலேயே தாராசுரம் கோயில் சிற்பங்கள் இருக்கின்றன என்ற தைரியத்தில்தான் ஒப்புக்கொண்டேன். ஆனால் சிற்பி யாளியை நிற்க வைத்தால் போதும், நான் அதை நடக்க வைக்கவேண்டும். பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் யாளியின் பாரத்தைத் தூண் தாங்கிக்கொள்கிறது; தூணை நீக்கிவிட்டு வரைந்தால் அது முன்புறம் கவிழ்ந்துவிடும் போலத் தெரிந்தது. ஆற்றிலிருந்து கரையேறும் எருமையின் பின்தொடையை யாளிக்குக் கொடுத்த பிறகே அது நடந்தது. அதே கோயிலில், யானைக்கும் காளைக்கும் ஒரே தலையைப் பொதுவாக வைத்துச் செதுக்கிய ரிஷபகுஞ்சரம் உண்டு. ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. அதை அடுத்தடுத்த இரண்டு கட்டங்களில் தலையை அசைக்காமல் உடலை மட்டும் மாற்றி வரைந்தேன். அந்தப் பக்கத்தில் எனக்கு இன்றும் குறை தோன்றவில்லை. சிலப்பதிகாரம் சொல்லும் சதுக்கப் பூதமும் கதையில் வருகிறது. பொய்ச்சாட்சி சொல்வோரையும் புறங்கூறுவோரையும் பாசக்கயிற்றால் பிடித்துத் தின்னும் பூதம், நகரமே போன பின்னும் நாற்சந்தியில் காவலுக்கு நிற்கிறது. (கதையில் வேலையை விடாதது அது ஒன்றுதான்.)

கோட்டை விட்டது ஊர்களில். முதல் பன்னிரண்டு பக்கங்களில் சரிந்த அடுக்குமாடிகளையும் துருப்பிடித்த கார்களையும் வரைந்து தள்ளினேன். பதிப்பகமும் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது. பக்கத்து வீட்டில் குடியிருந்த, பொதுப்பணித் துறையில் மதகு ஷட்டர்களைத் திறந்து மூடும் லஸ்கராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் அவற்றைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது எந்த ஊரு?" என்று கேட்டார். தஞ்சாவூர்ப் பக்கம் என்றேன். "ஒரு போகத்துக்கு ஷட்டரத் தூக்க ஆள் வரலேன்னா போதும் தம்பி, இந்தச் சிங்கமெல்லாம் வரவே வேணாம்."

அவர் சொன்னதை நான் ஏன் முன்பே யோசிக்கவில்லை என்று வெட்கமாக இருந்தது. மேட்டூரில் ஜூன் 12 அன்று திறந்தாலும் தண்ணீர் தானாக வயலுக்கு வந்துவிடுவதில்லை. கல்லணையில் அது காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, மிகுதி கொள்ளிடத்தில் இறங்கி, பிறகு ஒவ்வொரு வாய்க்கால் தலைப்பிலும் ஒவ்வொரு மதகிலும் யாரோ ஒருவர் கைப்பிடியைச் சுழற்றுவதால்தான் கடைமடையைத் தொடுகிறது. அந்தக் கைகள் இல்லாத ஊரை எப்படி வரைவது? ஆகாயத்தாமரை மூடிய வாய்க்கால், நெய்வேலிக் காட்டாமணக்கு அடைத்த மதகுக் கண், வெடித்த நாற்றங்கால், 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் பட்டுக்கோட்டைப் பக்கம் நான் பார்த்ததைப் போலச் சாய்ந்து கிடக்கும் தென்னைகள். பன்னிரண்டு பக்கங்களையும் மீண்டும் வரைந்தேன். அதற்குத் தனிக்கூலி தரமுடியாது என்று பதிப்பகம் சொல்லிவிட்டது. ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற பக்கங்கள் என்பதால் வழக்காட எனக்கும் வாயில்லை.

கடைசிப் பக்கத்தில் சிறுமி கல்லணையில் ஷட்டரைத் தூக்குகிறாள். பின்னால் யாளிகள் நிற்கின்றன. மை போடும் முன் அதைப் பெரியவரிடம் காட்டினேன். யாளிகளை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சிறுமியின் கையருகே விரலை வைத்து, "இப்படிப் புடிச்சாத் தோள்பட்ட கழண்டுடும், உள்ளங்கை கீழ இருக்கணும்" என்றார். பென்சில் கோட்டை அழித்து, அவருடைய கையையே மாதிரியாக வைத்து வரைந்துகொண்டேன்.