ஒரே ஹார்ட் டிஸ்கில் டேலியும் உபுண்டுவும்

எங்கள் வீட்டில் லேப்டாப் ஒன்றுதான். அவிநாசியில் நாங்கள் நடத்தும் சின்ன பனியன் யூனிட்டின் கணக்கு முழுக்க அதில், டேலியில் இருக்கிறது. கோவையில் இன்ஜினியரிங் சேர்ந்த மகளுக்கு லேப் பயிற்சிக்கு, விண்டோஸ் போலவே கணினியை இயக்கும் இன்னொரு இயங்குதளமான உபுண்டு வேண்டும். இன்னொரு லேப்டாப் வாங்க இப்போது வசதியில்லை. சரி, இருக்கிற 1 டிபி டிஸ்கையே பிரித்துவிடலாம் என்று முடிவெடுத்தோம்.

20-ஆம் தேதி ஜிஎஸ்டி தாக்கல் முடியட்டும் என்று பொறுத்திருந்து, அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். அதற்கு முன்பே டேலி டேட்டாவை வெளி டிஸ்கில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று என்று காப்பி எடுத்து, ஆடிட்டர் ஆபீஸ் கணினியில் திறந்தும் பார்த்துவிட்டேன். திறந்து பார்க்காத காப்பியை நம்பி டிஸ்கில் கை வைக்காதீர்கள். உங்கள் கணினியில் பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டு இருந்தால், அதன் 48 இலக்க மீட்பு எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

உபுண்டுவுக்கு இடம் ஒதுக்க, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கப் போனால், 700 ஜிபிக்கு மேல் காலியாக இருந்தும் 43,000 எம்பி சொச்சம்தான் தருவேன் என்றது. அரைமணி நேரம் திகைத்துப்போனேன். காலி இடத்துக்கு நடுவே, நகர்த்த முடியாத கோப்புகள் உட்கார்ந்திருந்ததுதான் காரணம். ஹைபர்னேஷன் (வேலையை டிஸ்கில் சேமித்துவிட்டு அணைவது), பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது டிஸ்கில் எடுத்துக்கொள்ளும் இடம்), சிஸ்டம் ரீஸ்டோர் (பழைய நிலைக்குத் திரும்ப வைக்கும் பதிவு) மூன்றையும் அணைத்து ரீஸ்டார்ட் செய்த பிறகு, 4 லட்சம் எம்பிக்கு மேல் காட்டியது. அதில் 2 லட்சம் எடுத்துக்கொண்டேன். பேஜ் ஃபைலையும் ரீஸ்டோரையும் அப்புறம் மறுபடி போட்டுவிட்டேன். ஹைபர்னேஷனை மட்டும் போடவில்லை. அதோடு, விண்டோஸை வேகமாகத் திறக்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் நின்றுவிடும். அது ஓடினால் விண்டோஸ் முழுதாக மூடாது, உபுண்டுவிலிருந்து சி டிரைவில் எதையும் எழுத முடியாது.

பென்டிரைவில் உபுண்டுவைப் போட்டு பூட் செய்தோம். இன்ஸ்டாலரில் நாமே பிரிக்கும் முறையைத் தேர்ந்தெடுத்ததும், டிஸ்க் முழுக்க வரிசையாக விரிந்தது. முதல் வரியில் 100 எம்பிக்கு ஒரு துண்டு, ஃபேட்32. "இது எதுக்கும்மா? ஃபார்மேட் பண்ணிரலாமா?" என்று மகள் டிக் பெட்டிக்கு மவுஸை நகர்த்திவிட்டாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். அது இஎஃப்ஐ பார்ட்டிஷன். விண்டோஸ் கிளம்புவதற்கான கோப்பு அதில்தான் இருக்கிறது. உபுண்டு தன்னுடையதையும் அதிலேயே வைத்துக்கொள்ளும். அழித்திருந்தால் திங்கட்கிழமை டேலி திறந்திருக்காது.

கயிற்றுக் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு இதை விளக்கினேன். "பங்கு பிரிக்கறப்ப கெணத்தையும் வண்டித்தடத்தையும் பொதுவுல உட்டர்றதில்லியா அம்மிணி, அது மாதிரி போல" என்றார். அதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்ல வராது.

அந்த வரியை ஃபார்மேட் செய்யாமல் பூட் இடமாக மட்டும் காட்டிவிட்டு, காலி இடத்தில் ரூட்டுக்கு (உபுண்டு உட்காரும் இடம்) 60 ஜிபி, ஸ்வாப்புக்கு (ரேம் போதாதபோது உதவும் இடம்) 8, மீதியெல்லாம் ஹோமுக்கு (மகளின் கோப்புகள்) என்று ஒதுக்கினேன். எங்கள் டிஸ்க், ஜிபிடி என்ற புதிய முறையில் பிரிக்கப்படும் வகை என்பதால் எத்தனை துண்டு என்ற கவலை இல்லை. எம்பிஆர் என்ற பழைய முறை டிஸ்கில் பிரைமரி துண்டுகள் 4-க்கு மேல் போகாது. அங்கே ஐந்தாவதைப் போடப் போனால் டைனமிக் டிஸ்காக (விண்டோஸுக்கே உரிய பிரிப்பு முறை) மாற்றட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

மறுநாள் காலை 10.10-க்கு டேலி திறந்தேன், விண்டோஸ் கடிகாரம் 4.40 காட்டியது. உபுண்டு மதர்போர்டு கடிகாரத்தை உலகப் பொது நேரத்துக்கு மாற்றியிருந்தது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொண்டது. சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால். உபுண்டுவையும் உள்ளூர் நேரத்திலேயே வைக்கச் சொல்லி டெர்மினலில் ஒரு கட்டளை கொடுத்தாள் மகள். அதன் பிறகு இரண்டு பக்கமும் ஒரே மணிதான் காட்டுகிறது.