குண்டு யாருடையது?

"தம்பி, படிக்கிறவனுக்கு யார் சுட்டது என்று தெரிய வேண்டாமா?" என்று அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், பெங்கால் என்ற போர்க்கப்பலின் நினைவுப் பலகைக்கு நான் எழுதிய வாசகத்தைச் சரிபார்க்க வந்தவர். "பெங்காலோ ஒண்டினாவோ சுட்ட குண்டு" என்ற என் வரியில் இரண்டு ஓகாரத்தையும் பென்சிலால் சுழித்திருந்தார்.

பெங்கால், சிட்னியில் கட்டி 1942இல் இந்தியக் கடற்படையில் பணிக்கு வந்த கண்ணிவாரிக் கப்பல், அதாவது கடலில் கண்ணிவெடிகளை அகற்றும் கப்பல். அதே ஆண்டு நவம்பர் 11இல், கண்ணி வாருவதற்குச் சம்பந்தமே இல்லாமல், நடுக்கடலில் இரண்டு ஜப்பானியக் கப்பல்களிடம் மாட்டியது. ஒவ்வொன்றும் 10,000 டன்னுக்கு மேல். இதனிடம் பேருக்கு ஒரு 12 பவுண்டர் பீரங்கி. கூட வந்த டச்சு எண்ணெய்க் கப்பல் ஒண்டினாவைத் தப்பிக்கச் சொல்லிவிட்டு, பெங்காலின் தளபதி வில்சன் எதிரியை நோக்கியே கப்பலைத் திருப்பினார். ஒண்டினாவும் ஓடிவிடாமல் தன் 4 அங்குல பீரங்கியால் சுட்டது. ஜப்பானியக் கப்பல்களில் ஒன்றான ஹோகோக்கு மாரு வெடித்து மூழ்கியது. பெங்கால்காரர்களும் ஒண்டினாக்காரர்களும் அது தங்கள் குண்டுதான் என்றார்கள்.

எனக்கு ஒண்டினா பக்கம்தான் சாய்வு. அதைச் சொன்னதும், "பலகை நம்ம கப்பலுக்குத்தானே?" என்றார்.

"சார், நம்ம கப்பல் குண்டு ஏறக்குறையத் தீர்ந்து புகைத்திரை போட்டு விலகிவிட்டது. ஒண்டினாவில் கேப்டன் ஹோர்ஸ்மான் செத்துப்போனார். உயிர்ப்படகில் இறங்கியவர்களையும் ஜப்பானியர்கள் சுட்டார்கள். மிஞ்சியவர்கள் திரும்ப ஏறி ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டல் வரை ஓட்டிப் போனார்கள்."

அவர் பேசவில்லை. யோசித்தால் அது பதிலே இல்லை. கேப்டன் இறந்ததற்கும் குண்டு யாருடையது என்பதற்கும் என்ன சம்பந்தம்? விலகியதையும் குறையாகச் சொல்ல முடியாது, குண்டு தீரும் நிலையில் நின்று என்ன செய்வது? ஆனாலும் ஒண்டினாவை அந்த வரியில் இருந்து எடுத்திருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

வரி அப்படியே அச்சுக்குப் போனது. சரி, சாய்வு இருந்தும் 'இதுவோ அதுவோ' என்று எழுதியது நேர்மையா, யாரும் கோபிக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடா? ஆதாரம் அவ்வளவுதான் என்று சிலநாள் தோன்றும். சிலநாள் தோன்றாது.

கிளம்பும்போது, "டச்சுக்காரன் அவன் பலகையில் இப்படி எழுதியிருப்பானா?" என்று கேட்டார். பார்த்ததில்லை சார் என்றேன். இன்னும் பார்க்கவில்லை.