பாதாளம் ஏழினும் கீழே

காரவள்ளியில் ஏறத் தொடங்கும் பஸ், 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் கொல்லிமலையின் மேல் மூச்சு விடுகிறது. ஜன்னலோர இருக்கையை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு நான் உள்பக்கம் உட்கார்ந்துகொண்டேன். பள்ளத்தைப் பார்த்தால் சிறுவயதிலிருந்தே எனக்கு அடிவயிறு கலங்கும்.

அப்பச்சியின் தோட்டத்துக் கிணற்றில் பிடித்த பயம் அது. பாறையை உடைத்து வெட்டிய, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. எட்டிப் பார்த்தால் கீழே தாம்பாளம் அளவுக்கு வானம் தெரியும். தூர்வார இறங்கும் போதெல்லாம் அப்பச்சி கிணற்று மேட்டிலிருக்கும் கன்னிமாருக்குக் கற்பூரம் காட்டி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் முதல் படியில் கால் வைப்பார். கோயிலுக்குள் நுழைகிறவரைப் போல ஏன் இறங்குகிறார் என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மலைமேல் கோயில் கொண்ட அறப்பளீசுவரர் தேவார வைப்புத்தலத்து நாதர்; தனிப் பதிகம் இல்லாமல், தேவாரப் பாடல்களுக்கு இடையே பெயர் மட்டும் வரும் தலம் அது. பக்கத்தில் ஐயாறு ஓடுகிறது. அதன் மீன்களை யாரும் பிடிப்பதில்லை. அறுத்துச் சமைக்கப் போன மீன்கள் மறுபடி உயிர் பொருந்தித் துள்ளி ஆற்றில் விழுந்தன என்பது தலத்தின் கதை. பொரியைத் தூவினேன். நீருக்கு அடியில் கரும்பாறை என்று நான் நினைத்திருந்தது திடீரென்று அசைந்து, நூறு வாய்களாகத் திறந்து மேலே வந்தது.

தரிசனம் முடிந்ததும் ஆகாய கங்கை அருவிக்குப் புறப்பட்டோம். சென்னிமலை, சிவன்மலை, மருதமலை என்று ஏறிப் போய்க் கும்பிட்டே பழகியவர்கள் நாங்கள். இங்கே மலையேறி வந்த பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் கீழே இறங்க வேண்டும். ஒரு திருப்பத்தில் மரங்கள் விலகிப் பள்ளத்தாக்கு வாயைத் திறந்தபோது என் முழங்கால்கள் நடுங்கிவிட்டன.

"கம்பியைப் பிடித்துக்கொள் சாமி, நான் முன்னால் போகிறேன்" என்றாள் அக்கா.

அதலபாதாளம் என்று சொல்லிப் பயந்துகொள்கிறோம். கீழ் உலகங்கள் ஏழில் முதலாவது அதலம், கடைசி பாதாளம். அந்த ஒரு சொல்லுக்குள் ஏழு உலகமும் அடங்கியிருக்கின்றன. அந்த ஆழத்தில்தான் திருமால் பன்றி வடிவெடுத்து நிலத்தைக் குடைந்துகொண்டே போனார். ஈசன் திருவடியைக் காண முடியவில்லை. மாணிக்கவாசகரோ திருவெம்பாவையில் "பாதாளம் ஏழினும்கீழ் சொற்கழிவு பாதமலர்" என்று பாடுகிறார். இருட்டும் பாம்பும் இருக்குமென்று நாம் அஞ்சுகிற இடத்துக்கும் கீழே அவருக்கு ஒரு மலர் தெரிந்திருக்கிறது. நடுங்கும் காலோடு அந்த வரியைச் சொல்லிக்கொண்டே இறங்கினேன்.

கடலின் ஆழமும் நினைவுக்கு வந்தது. பசிபிக்கின் மரியானா அகழியில் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் ஆழம். எவரெஸ்டை அதற்குள் நிறுத்தினால் சிகரமே மூழ்கிவிடும். 1960 ஜனவரியில் ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் ட்ரியெஸ்ட் என்ற கலத்தில் அதன் அடியைத் தொட்டார்கள். இறங்க மட்டும் ஐந்து மணி நேரம் போல ஆயிற்று. ஆயிரம் மீட்டருக்குக் கீழே சூரிய ஒளி கிடையாது. ஆனாலும் அங்கே உயிர்கள் பிழைத்திருக்கின்றன. மேற்பரப்பில் வாழ்ந்து மடிந்தவற்றின் துகள்கள் பனிபோல ஓயாமல் உதிர்ந்து இறங்குகின்றன. அந்த இருட்டில் பெரும்பாலான உயிர்களுக்கு அதுவே உணவு. பத்தாயிரம் மீட்டருக்குக் கீழேயும் படியளக்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்றே நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

கடைசிப் படிகளில் பேச்சே காதில் விழவில்லை. ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு விழுகிறது. காலையில் அந்த மீன்களுக்கு மேலே அமைதியாக ஓடிய அதே தண்ணீர். சாரல் மழைபோல முகத்தில் அறைந்தது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டபடி அருவியை நோக்கிப் போய்விட்டாள்.

நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். கலங்கிய நீரில் அடி தெரியவில்லை. மெதுவாகக் காலை விட்டேன். முழங்கால் வரை சில்லென்று ஏறியது. அதற்குக் கீழே, வழவழவென்று, பாறை இருந்தது.