ழான் பெத்தித்தோவின் எனாமல் முகங்கள்

பதினேழாம் நூற்றாண்டில் நீர்வண்ணத்தில் தீட்டப்பட்ட சிறு உருவப்படங்கள் பலவற்றில், வெளிச்சம் பட்டுப் பட்டுக் கன்னங்களின் சிவப்பு வெளுத்துப் போயிருக்கிறது. அதே காலத்தில் ழான் பெத்தித்தோ தங்கத் தகட்டின் மேல் எனாமலில் தீட்டிய முகங்களோ, உலையை விட்டு வெளிவந்த அன்றைய நிறத்தோடே இன்றும் இருக்கின்றன. கட்டைவிரல் அகலமே உள்ள ஒரு முகத்தில் இத்தனை உயிர்ப்பா என்ற வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

எனாமல் என்பது உலோகத்தின் மேல் உருக்கிப் படியவைத்த கண்ணாடிதான். 1630களில் ழான் தூத்தேன் என்ற பிரெஞ்சுப் பொற்கொல்லர், வெள்ளை எனாமல் பூசிய தகட்டின் மேல் உலோக ஆக்சைடு வண்ணங்களால் நேரடியாக ஓவியம் தீட்டிச் சுடும் முறையை வளர்த்தெடுத்தார். சூட்டில் தகடு வளைந்து பூச்சு வெடித்துவிடாமலிருக்க அதன் பின்புறத்திலும் எனாமல் பூசுவார்கள். அதிகச் சூடு தாங்கும் நிறங்களை முதலிலும், மென்மையானவற்றைப் பின்னரும் வைத்துப் பல முறை சுட வேண்டும். தூரிகையில் எடுக்கும்போது தெரியும் நிறம் வேறு, நெருப்பிலிருந்து வரும் நிறம் வேறு என்பதால், ஓவியர் தம் கண்ணை நம்பாமல் நினைவை நம்பியே வேலை செய்தார். கடைசிச் சூட்டில் ஒரு விரிசல் விழுந்தாலும் பல நாள் உழைப்பு வீண்.

1607இல் ஜெனீவாவில் பிறந்த பெத்தித்தோ, இங்கிலாந்தில் முதலாம் சார்லஸின் அரசவையில் பணியாற்றியபோது, வேதியியல் அறிந்த அரச மருத்துவர் தியோடர் தெ மாயெர்ன் புதிய நிறங்களை உருவாக்க அவருக்குத் துணைநின்றார். வான் டைக்கின் ஓவியத்தைப் பார்த்து பெத்தித்தோ 1643இல் தீட்டிய, சவுதாம்ப்டன் பிரபுவின் மனைவி ரேச்சல் தெ ருவின்யியின் உருவம், எனாமலுக்கு மிகவும் பெரியது. பரப்பு கூடக்கூட ஆபத்தும் கூடும் என்பதை அறிந்தவர்களுக்கே அந்தத் துணிச்சலின் அளவு புரியும்.

ஆயினும் என் மனம், பின்னர் அவர் பாரிஸில் வாழ்ந்த காலத்துச் சிறு முகங்களையே நாடுகிறது. உருப்பெருக்கியின் கீழ் பார்த்தால் அவற்றின் தோலில் தூரிகைக் கோடு இருப்பதில்லை. செம்பழுப்புப் புள்ளிகள் நெருங்கியும் விலகியும் நிழலாகின்றன, நெற்றியின் ஒளி விழும் இடத்தில் அடியிலுள்ள வெள்ளை எனாமலே தெரிகிறது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் உருவத்தை அவர் பலமுறை இவ்வாறு தீட்டினார். வைரம் பதித்த சட்டங்களில் வைத்து மன்னர் வெளிநாட்டுத் தூதர்களுக்குப் பரிசளித்த இத்தகைய படங்களில் முழுமையாக எஞ்சியவை மிகச் சில. பெற்றவர்கள் பலர் வைரங்களைப் பெயர்த்து விற்றுவிட்டார்கள்.

புராட்டஸ்டன்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்திருந்த நான்த் ஆணையை அந்த மன்னரே 1685இல் ரத்து செய்தபோது, புராட்டஸ்டன்டான பெத்தித்தோ முதுமையில் சிறையில் அடைக்கப்பட்டார். மதம் மாற ஒப்புக்கொண்ட பிறகே விடுதலை கிடைத்தது. பின்னர் ஜெனீவாவுக்குத் திரும்பித் தம் பழைய சமயத்தில் மீண்டும் சேர்ந்தவர், 1691இல் சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் இறக்கும்வரை எனாமல் வேலையைத் தொடர்ந்தார்.