அயர்லாந்துக் கேள்வியில் 6 மதிப்பெண் வாங்கிய கதை

தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. வரலாறு படித்தபோது, ஐரோப்பிய வரலாற்றுத் தாளில் 20 மதிப்பெண்ணுக்கு வந்த கேள்வி: அயர்லாந்தின் தன்னாட்சியும் விடுதலைக்குப் பிந்தைய பொருளாதார முன்னேற்றமும். பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டனின் 1886 ஹோம் ரூல் (தன்னாட்சி) மசோதாவில் ஆரம்பித்து, பிரிட்டனுக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சி, பிரிட்டனுடனான 1921 ஒப்பந்தம் என்று ஐந்து பக்கம் எழுதித் தள்ளினேன். மணி அடிக்கப் போகிறது என்றதும், "விடுதலைக்குப் பின் அயர்லாந்து வேகமாக முன்னேறியது" என்று முடித்தேன்.

கிடைத்தது 6. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தால், அந்தக் கடைசி வரிக்குக் கீழே சிவப்புக் கோடு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறி நியாயமானதுதான். தன்னாட்சி வந்தது 1922ல். வளர்ச்சி சூடுபிடித்தது 1960களில். நடுவில் இருக்கும் அந்த நாற்பது வருடம்தான் கேள்வியே. 1950களில் மட்டும் 4 லட்சம் பேர் பிழைப்புத் தேடி வெளியேறினார்கள். 1961ல் மக்கள்தொகை சுமார் 28 லட்சமாகச் சுருங்கியது.

மறுபடி எழுதத் தயாரானபோது தேதிகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஒரு கடனை மட்டும் பிடித்துக்கொண்டேன்: நிலத் தவணை. பண்ணையார்களிடமிருந்து நிலத்தை வாங்கக் குடியானவர்களுக்கு பிரிட்டிஷ் அரசு கடன் ஏற்பாடு செய்திருந்தது. விடுதலைக்குப் பிறகும் டப்ளினில் இருந்த அயர்லாந்து அரசு அந்தத் தவணையை வசூலித்து, ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் பவுண்டை லண்டனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 1932ல் அயர்லாந்தில் ஆட்சிக்கு வந்த டி வலேரா அதை நிறுத்தினார். பிரிட்டன் சும்மா இருக்குமா? அயர்லாந்து மாடுகள் மீது வரி போட்டது. ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அந்த ஒரே சந்தைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. மாட்டு விலை விழுந்தது. கன்றுகளை வளர்த்துப் பயனில்லை என்று, கன்றுத் தோலுக்கு அரசே பணம் கொடுத்து வெட்டச் சொல்லும் நிலை வந்தது. கடைசியில் 1938ல் மொத்தமாக 1 கோடி பவுண்டு கொடுத்துக் கணக்குத் தீர்த்தார்கள். பிரிட்டன் வைத்திருந்த மூன்று துறைமுகங்களும் திரும்பக் கிடைத்தன.

இந்த ஒரு சண்டையை விரிவாக எழுதினாலே தன்னாட்சி, பொருளாதாரம் இரண்டும் ஒரே பத்திக்குள் வந்துவிடும். நாணயத்தையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளுங்கள்: 1928ல் சொந்தப் பவுண்டு வந்தாலும், 1979 வரை அது பிரிட்டிஷ் பவுண்டுக்குச் சமமாகவே கட்டப்பட்டிருந்தது.

அதற்காக எல்லாமே தோல்வி என்று எழுதிவிடாதீர்கள். லிமெரிக் பக்கத்தில் ஷானன் ஆற்றில், ஆர்ட்னக்ரூஷா நீர்மின் நிலையத்தை 1925ல் தொடங்கி 1929ல் முடித்தார்கள். கட்டியது ஜெர்மனியின் சீமென்ஸ், நிர்வகித்தது அரசு மின்வாரியம். 1921 ஒப்பந்தத்தை ஏற்பதா வேண்டாமா என்று அயர்லாந்துக்காரர்களுக்குள்ளேயே நடந்த உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டு வருடம் சொச்சம்தான் ஆகியிருந்தது, அதற்குள் இப்படி ஒரு துணிச்சல்! எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். வரைபடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக் காட்டினேன்.

அப்புறம் 1958. நிதித்துறைச் செயலாளர் விட்டேக்கர், சுங்கச் சுவர்களை (இறக்குமதி மீதான கடும் வரிகளை) தளர்த்தி அந்நிய முதலீட்டை வரவேற்கலாம் என்று அறிக்கை கொடுத்தார். மறு வருடம் பிரதமரான ஷான் லெமாஸ் அதை நடத்திக் காட்டினார். 1930களில் அதே சுவர்களை எழுப்பிய தொழில் அமைச்சரும் இதே லெமாஸ்தான். இந்த முரணை எழுதாமல் விடாதீர்கள். 1967ல் இலவச மேல்நிலைக் கல்வி, 1973ல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது இரண்டுக்கும் ஆளுக்கு இரண்டு வரி போதும்.

கடைசிப் பகுதியில் ஒரு கண்ணி இருக்கிறது. 2015ல் அயர்லாந்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தி ஒரே வருடத்தில் சுமார் 25 விழுக்காடு ஏறியது. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளைக் கணக்கில் அங்கே மாற்றியதுதான் பெரும் காரணம். அந்த எண்ணை மட்டும் எழுதி "அபார வளர்ச்சி" என்று முடித்தால், மறுபடி அதே சிவப்புக் கோடுதான்.

நமது அரசியலமைப்பின் வழிகாட்டு நெறிகளுக்கு அயர்லாந்தின் 1937 சாசனம் முன்மாதிரி என்பதை எழுதக் கை துறுதுறுக்கும். ஒரு வரிக்கு மேல் போகாதீர்கள். இரண்டாம் முறை நானே அதில் அரைப்பக்கம் வீணாக்கினேன். ஆனாலும் 14 வந்தது.