ஐந்து விரலில் ஓர் ஊர்

தஞ்சாவூரில் பஸ் ஏறியதுமே அத்தை விரல் மடக்கத் தொடங்கிவிட்டார். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியாகக் காவிரி. 13 கிலோமீட்டருக்குள் ஐந்து ஆறுகள். ஐந்தாவது விரல் மடங்கியபோது திருவையாறு வந்திருந்தது. மாசி மாதம். மேட்டூர் அணையை ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம் என்பதால் பாலத்தின் அடியில் பெரும்பாலும் மணல்தான். அத்தை அதற்கும் கைகூப்பினார்.

தெற்குக் கோபுர வாசலில் ஆட்கொண்டார் சன்னதி. எமனிடமிருந்து ஒரு சிறுவனைக் காத்தவர் என்பது தலபுராணம். எதிரே உள்ள குண்டத்தில் குங்கிலியம் புகைந்துகொண்டே இருக்கிறது. அத்தை ஒரு பிடி வாங்கிப் போட்டார். ஒரு கணம் எதுவுமில்லை, பிறகு குபுகுபுவென்று வெண்புகை எழுந்து என் கண்ணில் நீர் வரவழைத்தது. பக்தியால் அல்ல என்று சொல்லிவிடுவது நல்லது.

உள்ளே ஐயாறப்பர். கருவறையை ஒட்டிச் சுற்றிவருவதில்லை. இறைவனின் சடாமுடி பின்னால் விரிந்து கிடக்கிறதாம், மிதிக்கக் கூடாது. அம்பாள் அறம்வளர்த்த நாயகி திருமாலின் அம்சம் என்பார்கள். தென்புறப் பிரகாரத்தில் ஓரிடத்தில் நின்று கூப்பிட்டால் ஏழு முறை எதிரொலிக்கும் என்றார்கள். ஒரு சிறுவன் "ஐயாறப்பா!" என்று கத்தினான். நான் நான்கு வரை எண்ணினேன். அத்தை ஏழும் கேட்டதாகச் சாதித்தார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

இந்த ஊருக்கு நான் வந்ததே தேவாரம் பாடிய அப்பருக்காகத்தான். கயிலாயம் காணப் புறப்பட்டு, நடக்க முடியாமல் தவழ்ந்து, உடல் தேய்ந்து கிடந்தவரை அங்கேயே ஒரு குளத்தில் மூழ்கச் சொன்னான் இறைவன். எழுந்த இடம் திருவையாறு. கயிலைக் காட்சி அவருக்கு இங்கே கிடைத்தது. அப்போது பாடிய பதிகத்தில் பனிமலை முன்னிற்கவில்லை: பிடியோடு களிறு வருகிறது, பெடையோடு கோழி வருகிறது, குயில், மயில், நாரை, கிளி, கடைசியில் பசுவோடு காளை. சோடி சோடியாக. யானை போன்ற சிலவற்றை விட்டுவிட்டால் மற்றவை ஊர்த்தெருவில் பார்க்கக் கூடியவைதானே என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம்.

நண்பகலில் நடை சாத்திவிட்டதால் அதைச் சோதித்துப் பார்க்க நேரம் கிடைத்தது. வெயிலில் வீதிகளைச் சுற்றினோம். ஒரு திண்ணைக்கு அடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது ஒரு பெட்டைக் கோழி. சேவல் ஓரடி தள்ளி, தனக்குச் சம்பந்தமில்லாதது போல நின்றது. "கண்டாயிற்றா?" என்றார் அத்தை. கடைத்தெருவில் அசோகா வாங்கினோம். பாசிப்பருப்பில் செய்யும் இனிப்பு, இலைத்துண்டில் வைத்ததும் நெய் ஓரமாக வழிந்தது. இதைத் தின்றுவிட்டு ஆற்றங்கரைக்கு நடப்பதே ஒரு தவம்.

திருமஞ்சன வீதியில் கர்நாடக இசைமேதை தியாகராஜர் வாழ்ந்த பழைய வீடு இன்று இல்லை. அந்த இடத்தில் புதுக்கட்டடம் நிற்கிறது. பளபளப்பான தரையில் எனக்கு மனம் ஒட்டவில்லை. காவிரிக்கரைச் சமாதியில் ஒட்டியது. 1847-இல் அவர் மறைந்தபின் கவனிப்பாரற்றுக் கிடந்த இடத்தைத் தன் பொருளைக் கொட்டிக் கோயிலாக எழுப்பியவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். தியாகராஜர் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லாத காலம் அது. பெண்களைத் திரட்டி வந்து பாடவைத்தவரும் அவரே. 1952-இல் மறைந்தார். சிலையாகி இன்றும் அந்தச் சன்னதியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறார். எங்கள் சாமந்திப் பூவில் பாதியை அத்தை அவருக்கே வைத்தார்.

படித்துறையில் இறங்கினோம். தியாகராஜரின் அண்ணன் ராமர் விக்கிரகத்தை எறிந்ததாகச் சொல்லப்படும் ஆறு இதுதான். மணலுக்கு நடுவே முழங்கால் அளவுகூட இல்லாத ஓடை. அத்தை கை நிறைய அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார், மீதியை என்மேல்.

திரும்பும் பஸ்ஸில் மறுபடியும் விரல் எண்ணிக்கை. காவிரி, குடமுருட்டி, வெட்டாறு. வெண்ணாற்றுக்கு முன்பே தூங்கிவிட்டார். மூன்று விரல்கள் மடங்கியபடியே இருந்தன. கையில் இன்னும் குங்கிலிய வாசனை.