உதிர்ந்த ஊசியிலை

காலை நடையில் பாதையோரம் கிடந்த பைன் ஊசிகளை எடுத்துப் பார்த்தேன். இரண்டு ஊசிகள். அடியில் ஒரு சின்னப் பழுப்பு உறை இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்தது.

விரலில் உருட்டினால் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைவு. இரண்டையும் ஒட்டினால் முழு உருளை!

கொத்துக்கு ஐந்து ஊசி உள்ள இனங்களிலும் இதே கணக்குதான். அங்கே ஒவ்வொன்றும் ஆப்பு வடிவம்.

ஊசியானாலும் இலை இலைதான். மேலே மெழுகுப் பூச்சு, குழிக்குள் பதுங்கிய இலைத்துளைகள், எல்லாம் நீரை வீணாக்காமல் இருக்கத்தான். மண்நீர் உறையும் குளிரில் வேர் உறிஞ்ச முடியாதே!

அப்புறம் இவற்றின் ஆயுள். பிரிசில்கோன் (bristlecone) என்ற அமெரிக்க மலைப் பைன் இனத்தில் ஓர் ஊசி 30 ஆண்டுகளுக்கு மேல்கூடக் கிளையில் இருக்கும். மழை பொய்த்த ஆண்டில் புதுத்தளிர் குறைந்தாலும் பழைய ஊசிகளே மரத்துக்குச் சோறு போடும்.